மண்ணுக்குள் மின்சாரம்
(வளப்பூர் நாட்டு மண்ணை வைத்து ஒரு பாடம்)

மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு மாணவன்



எங்கள் ஊர் கொல்லிமலையில் வளப்பூர் நாடு. அறப்பளீஸ்வரர் கோயிலும் ஆகாய கங்கை அருவியும் இருக்கிற நாடு என்றால் உடனே தெரிந்துவிடும். காரவள்ளியில் ஆரம்பித்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வரவேண்டும். என்னோடு ஊருக்கு வந்த ஹாஸ்டல் நண்பர்களில் பாதிப் பேர் முப்பதாவது வளைவுக்குள்ளேயே எலுமிச்சம்பழம் கேட்டார்கள். மீதிப் பேர் பேசவே இல்லை!

நான் முதலாம் ஆண்டு படிக்கும்போது ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மேடு சரிந்து விழுந்தது. மலையில் வீடு கட்ட வேண்டுமென்றால் சரிவை வெட்டித்தான் தளம் எடுக்க வேண்டும். எங்கள் வீடும் அப்படித்தான். வெட்டும்போது எல்லோரும் சொன்னது ஒரே வார்த்தை: "செம்பாறை மாதிரி இருக்கு, சுவரே வேண்டாம், அப்படியே நிக்கும்." உண்மைதான், கோடையில் கடப்பாரை போட்டால் 'ணங்' என்று சத்தம் வந்தது. ஆனால் மூன்று நாள் மழைக்குப் பிறகு அதே மண் கூழாகி இறங்கி மாட்டுக் கொட்டகையை மூடிவிட்டது. அன்று ராத்திரி அப்பா மாட்டை முன்வாசலில் கட்டியிருந்தார். அதனால் உயிர்ச்சேதம் இல்லை.

கோடையில் பாறை, மழையில் கூழ். இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறதா? இந்தக் கேள்வியோடுதான் நான் சாயில் மெக்கானிக்ஸ் வகுப்பில் உட்கார்ந்தேன். அப்போது தெரியவந்ததுதான் 'மண்ணின் மின்தடை எண்', அதாவது ரெசிஸ்டிவிட்டி. அதைப் பற்றி எனக்குப் புரிந்த அளவில் இங்கே எழுதுகிறேன். சிவில் நண்பர்களுக்கு மட்டுமல்ல, எலெக்ட்ரிகல் நண்பர்களுக்கும் இதில் சரக்கு உண்டு.

மின்தடையும் மின்தடை எண்ணும்

மின்தடை என்பது ஒரு பொருளின் அளவையும் வடிவத்தையும் பொறுத்தது. நீளமான கம்பிக்கு அதிகம், தடித்த கம்பிக்குக் குறைவு. மின்தடை எண் அப்படியல்ல. அது பொருளுக்கே உரிய குணம். ஒரு மண் மாதிரியை ஒரு பெட்டியில் அடைத்து, இரு முனையிலும் தகடு வைத்து அளந்தால்,

மின்தடை எண் = மின்தடை × குறுக்குப் பரப்பு ÷ நீளம்

இதன் அலகு ஓம் பெருக்கல் மீட்டர். பரீட்சையில் பலர் 'ஓம் வகுத்தல் மீட்டர்' என்று எழுதி மார்க்கை விட்டுவிடுகிறார்கள். உதாரணமாக, பெட்டியின் நீளம் 16 செ.மீ., குறுக்கு 4 செ.மீ. × 4 செ.மீ. என்றால் பரப்பு வகுத்தல் நீளம் 0.01 மீட்டர் வரும். மீட்டரில் 7,900 ஓம் காட்டினால் அந்த மண்ணின் மின்தடை எண் 79 ஓம் மீட்டர். மரப்பலகையில் அல்லது அக்ரிலிக் ஷீட்டில் இந்தப் பெட்டியை நாமே ஒர்க்‌ஷாப்பில் செய்துவிடலாம்.

மண்ணில் மின்சாரம் எங்கே ஓடுகிறது?

இதுதான் பாடத்தின் உயிர். இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாக வரும்.

மண் என்பது மூன்று பேர் சேர்ந்த கூட்டுக் குடும்பம்: மண் துகள், நீர், காற்று. துகள் பெரும்பாலும் குவார்ட்ஸ் போன்ற கனிமம். அது மின்சாரத்தை ஏறக்குறைய கடத்தாது. காற்றும் கடத்தாது. ஆக மின்சாரம் போவது துளைகளில் உள்ள நீர் வழியாகத்தான். அந்த நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அயனிகள்தான் மின்சாரத்தைச் சுமந்து போகின்றன.

இன்னொரு வழியும் உண்டு. களிமண் துகளின் மேற்பரப்பில் எதிர் மின்னூட்டம் இருக்கிறது. அதைச் சுற்றி நேர் அயனிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த அயனிகள் நகர்வதாலும் மின்சாரம் ஓடும். அதனால்தான் ஈரமான களிமண்ணுக்கு மின்தடை எண் குறைவு, மணலுக்கு அதிகம், விரிசல் இல்லாத கடும்பாறைக்கு ஆயிரக்கணக்கில்.

ஆக, மின்தடை எண்ணைத் தீர்மானிப்பவை இவை:

1. துளைகளின் பங்கு (போராசிட்டி)
2. அந்தத் துளைகளில் எவ்வளவு நீர் நிறைந்திருக்கிறது (சாச்சுரேஷன்)
3. நீரில் உள்ள உப்பு
4. களிமண்ணின் அளவும் வகையும்
5. வெப்பநிலை (1 டிகிரி செல்சியஸ் கூடினால் மின்தடை எண் சுமார் 2 சதவீதம் குறையும்)

இந்தப் பட்டியலை மறுபடி ஒரு தடவை பாருங்கள். இதில் 'பலம்' என்ற வார்த்தை எங்கேயும் இல்லை! மண்ணின் தாங்கு திறனோ, கொஹிஷனோ, உராய்வுக் கோணமோ இந்தப் பட்டியலில் நேரடியாக வரவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஆர்ச்சி சொன்ன கணக்கு

1942-ஆம் ஆண்டு ஆர்ச்சி என்ற அமெரிக்கப் பொறியாளர் எண்ணெய்க் கிணறுகளின் மணற்பாறைகளை வைத்து ஒரு சூத்திரம் கொடுத்தார். களி இல்லாத மண்ணுக்கும் மணலுக்கும் அது பொருந்தும். எளிமையாகச் சொன்னால்,

மண்ணின் மின்தடை எண் = நீரின் மின்தடை எண் ÷ (துளைப் பங்கின் 1.5 அடுக்கு × நீர் நிறைவின் 2 அடுக்கு)

இதில் 1.5 என்பது மண்ணுக்கு மண் மாறும். தளர்ந்த மணலுக்கு 1.3 அளவில், இறுகிய மணற்பாறைக்கு 2 அளவில் வரும். நாம் நடுவில் 1.5 என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், கால்குலேட்டரை எடுங்கள்.

நீரின் மின்தடை எண் 20 ஓம் மீட்டர். துளைப் பங்கு 0.40.

(அ) துளைகள் முழுக்க நீர்: 20 ÷ 0.253 = 79 ஓம் மீட்டர்.

(ஆ) அதே மண், ஆனால் பாதித் துளைதான் நீர்: 79 × 4 = 316 ஓம் மீட்டர்.

(இ) முழுக்க நீர், ஆனால் நன்றாக இடித்து இறுக்கித் துளைப் பங்கை 0.35 ஆக்கிவிட்டோம்: 20 ÷ 0.207 = 97 ஓம் மீட்டர்.

(ஈ) முதல் மண்ணேதான், ஆனால் உரமோ சாக்கடையோ கலந்து நீரின் மின்தடை எண் 10 ஆகிவிட்டது: 40 ஓம் மீட்டர்.

என்ன தெரிகிறது? மண்ணை இறுக்கியதால் வந்த மாற்றம் 79-லிருந்து 97. ஈரம் பாதியானதால் வந்த மாற்றம் 79-லிருந்து 316! இறுக்கம் ஒரு முழம் என்றால் ஈரம் ஒரு பனைமரம். ஆகவே களத்தில் போய் அளந்து 300 ஓம் மீட்டர் வந்தவுடனே "மண் கெட்டியாக இருக்கிறது" என்று எழுதினால், நாம் அளந்தது கெட்டித்தனத்தை அல்ல, வறட்சியை!

எங்கள் வீட்டுப் பின் மேட்டுக்கு வந்த கதையும் இதுதான். கோடையில் அந்த மண்ணை அளந்திருந்தால் பெரிய எண்தான் வந்திருக்கும். கடப்பாரையும் அதைத்தான் சொன்னது. இரண்டுமே கோடையின் சாட்சி. மழைக்காலத்தின் சாட்சியை யாரும் கேட்கவில்லை.

களத்தில் அளப்பது எப்படி?

1915-இல் அமெரிக்காவின் பிராங்க் வென்னர் என்பவர் சொன்ன முறை இன்றும் நம் லேப் ரெக்கார்டில் இருக்கிறது. நான்கு இரும்புக் கம்பிகளை ஒரே நேர்கோட்டில், சம இடைவெளியில் தரையில் அடிக்க வேண்டும். வெளியே உள்ள இரண்டிலும் மின்னோட்டத்தை அனுப்ப வேண்டும். உள்ளே உள்ள இரண்டுக்கும் நடுவில் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. பிறகு,

மின்தடை எண் = 2 × 3.14 × இடைவெளி × மின்தடை

"இரண்டு கம்பி போதாதா, எதுக்கு நாலு?" என்று என் நண்பன் கேட்டான். நல்ல கேள்வி. இரண்டே கம்பி என்றால், கம்பிக்கும் மண்ணுக்கும் நடுவில் உள்ள தொடு மின்தடையும் சேர்ந்து வந்துவிடும். காய்ந்த மண்ணில் அது மண்ணின் மின்தடையைவிட மிகப் பெரியது. மின்னழுத்தம் அளக்கும் கம்பிகளில் மின்னோட்டம் கிட்டத்தட்ட போகாததால் அந்தத் தொல்லை நீங்கிவிடுகிறது.

இடைவெளியைக் கூட்டக் கூட்ட மின்சாரம் ஆழமாகப் போகும். தோராயமாக இடைவெளி எவ்வளவோ அந்த ஆழம் வரை உள்ள மண்ணின் சராசரி கிடைக்கும். இதற்குத் 'தோற்ற மின்தடை எண்' என்று பெயர். சராசரி என்பதை மறக்கக் கூடாது. 4 மீட்டர் இடைவெளியில் கிடைத்த எண், 4 மீட்டர் ஆழத்தில் இருக்கிற மண்ணின் எண் அல்ல.

நாங்கள் நான்கு பேர் ஊருக்கு மீட்டரைத் தூக்கிக்கொண்டு போனபோது கற்றுக்கொண்ட சில விஷயங்களைச் சொல்கிறேன். புத்தகத்தில் இவை சின்ன எழுத்தில்தான் இருக்கும்.

1. கம்பியை ரொம்ப ஆழமாக அடிக்கக் கூடாது. இடைவெளியில் இருபதில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். 1 மீட்டர் இடைவெளி என்றால் 5 செ.மீ. போதும்.

2. காய்ந்த செம்மண்ணில் எங்களுக்கு முதலில் ரீடிங்கே வரவில்லை. கம்பியைச் சுற்றிக் கொஞ்சம் உப்புத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் வந்தது. கம்பியடியில் மட்டும் ஊற்ற வேண்டும். வழி நெடுக ஊற்றினால் நாம் அளப்பது உப்புத் தண்ணீரைத்தான்!

3. சரிவில் மேலிருந்து கீழாகக் கம்பி அடிக்காமல், சம உயரத்தில், அதாவது கான்டூர் ஓரமாக அடிப்பது நல்லது.

4. இரும்புக் குழாய், கம்பி வேலி, எர்த் கம்பி பக்கத்தில் இருந்தால் மின்சாரம் அந்த வழியாகக் குறுக்கே ஓடிவிடும். இடத்தை மாற்றுங்கள்.

5. தேதி, கடைசியாக மழை பெய்த நாள், மண்ணின் வெப்பநிலை மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். இது இல்லாத ரீடிங் குப்பைக்குச் சமம்.

6. அளந்த இடத்திலேயே ஆகர் போட்டு மண் எடுத்து, பாலிதீன் கவரில் இறுக்கிக் கட்டி, லேபில் 105 முதல் 110 டிகிரி வரை ஓவனில் 24 மணி நேரம் காயவைத்து ஈரப்பதம் கண்டுபிடியுங்கள்.

நாங்கள் கம்பி அடிப்பதைப் பார்த்த ஒரு பாட்டி, "ஏந்தம்பி, தண்ணி எங்க இருக்குன்னு பாக்குறீங்களா? நம்ம காட்டுலயும் ஒரு எடம் பாத்துச் சொல்லுங்க" என்றார். தமிழ்நாட்டில் இந்த மீட்டரைப் பார்த்த எல்லோரும் அதை போர்வெல் பார்க்கிற மெஷின் என்றுதான் நினைப்பார்கள். அதில் தவறும் இல்லை. "இல்ல பாட்டி, மண்ணு நிக்குமா விழுமான்னு பாக்குறோம்" என்றேன். "அதுக்கு மெஷின் எதுக்கு? மழை வந்தா தெரியும்" என்றார். சிரித்துவிட்டோம். ஆனால் யோசித்தால், எங்கள் புராஜெக்ட்டின் சுருக்கம் அதுதான்.

வளப்பூர் மண்ணின் அடுக்குகள்

கொல்லிமலையின் அடிப்பாறை சார்னோக்கைட். கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்து 1893-இல் ஹாலண்ட் என்ற புவியியலாளர் வைத்த பெயர் இது. அந்தக் கல் போனது நம் சென்னைப் பக்கத்துப் பல்லாவரத்திலிருந்துதான்!

இந்தப் பாறை காலங்காலமாக மழையிலும் வெயிலிலும் மக்கி, அதிலிருந்த சுண்ணாம்பு, சோடியம், பொட்டாசியம், சிலிக்கா எல்லாம் கரைந்து ஓடிவிட்டன. இரும்பும் அலுமினியமும் தங்கிவிட்டன. அதனால்தான் மலை உச்சிகளில் பாக்சைட் கிடைக்கிறது. ஒரு காலத்தில் மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இங்கிருந்து வெட்டியெடுத்தார்கள்.

இப்படி உருவான நிலத்தில் மேலிருந்து கீழாகப் பார்த்தால் பொதுவாக இந்த வரிசை இருக்கும்: மேல்மண், அதன் கீழ் இறுகிய செம்பாறை (லேட்டரைட்), அதன் கீழ் வெளுத்த, புள்ளி விழுந்த மெதுவான களி, அதன் கீழ் உருண்டைக் கற்களோடு மக்கிய பாறை, கடைசியில் கெட்டிப் பாறை.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. மேலே கெட்டி, நடுவில் மெது, கீழே கெட்டி! கடப்பாரை மேல் அடுக்கைத்தான் தொட்டது. மழைநீர் செம்பாறையின் பிளவுகள் வழியாக இறங்கி, களியில் வந்து தேங்கும். அங்கே துளைநீர் அழுத்தம் ஏறும். துகளுக்கும் துகளுக்கும் நடுவில் உள்ள பிடி தளரும். மேலே இருக்கும் கெட்டி ஓடு தன் எடையோடு வழுக்கி இறங்கும். எங்கள் கொட்டகையை மூடியது இப்படி வந்த மண்தான் என்று நான் புரிந்துகொண்டது வகுப்பில் 'எஃபெக்டிவ் ஸ்ட்ரெஸ்' பாடம் நடந்த அன்று.

இந்த மாதிரி நிலத்தில் வென்னர் முறை எப்படிப் பேசும்? ஒரு வகுப்புக் கணக்கு:

இடைவெளி 1 மீ., மின்தடை 95.5 ஓம்: தோற்ற மின்தடை எண் 600
இடைவெளி 4 மீ., மின்தடை 10 ஓம்: தோற்ற மின்தடை எண் 251
இடைவெளி 12 மீ., மின்தடை 6 ஓம்: தோற்ற மின்தடை எண் 452

எண் இறங்கி, பிறகு ஏறுகிறது. வரைபடத்தில் நடுவில் பள்ளம் விழும். அந்தப் பள்ளம்தான் நமக்கு எச்சரிக்கை மணி. "இங்கே கீழே ஈரமோ களியோ இருக்கிறது, குழி தோண்டிப் பார்" என்று அது சொல்கிறது. இந்தப் பள்ளத்தை ஒரு சோதனைக் குழியில் கண்டுபிடிக்க வேண்டுமானால் சரியான இடத்தில் சரியான ஆழத்துக்குத் தோண்டியிருக்க வேண்டும். மின்சாரம் ஒரு காலைப் பொழுதில் ஐந்தாறு இடத்தில் பார்த்துச் சொல்லிவிடுகிறது.

சமவெளி அட்டவணை மலைக்குப் பொருந்துமா?

கைப்புத்தகங்களில் "களி என்றால் இத்தனை ஓம் மீட்டர், மணல் என்றால் இத்தனை" என்று அட்டவணை இருக்கும். அதை அப்படியே மலைக்குக் கொண்டுவந்தால் ஏமாந்துபோவோம். இரண்டு காரணம்.

முதலாவது, மலை மண்ணிலிருந்து உப்புகள் கரைந்து போய்விட்டன. துளை நீரே கிட்டத்தட்ட மழைநீர் மாதிரி. ஆகவே ஈரமாக இருந்தாலும் மின்தடை எண் அவ்வளவாக இறங்காது.

இரண்டாவது, களியின் வகை. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணில் மான்ட்மோரிலோனைட் என்ற களிக் கனிமம். அதன் அயனி மாற்றத் திறன் 100 கிராமுக்கு 80 முதல் 150 மில்லி ஈக்விவலன்ட். மக்கிய மலை மண்ணில் பெரும்பாலும் கேயோலினைட். அதற்கு 3 முதல் 15 தான். கரிசல் களி மின்சாரத்தை வாரி வழங்கும், மலைக் களி கிள்ளிக் கொடுக்கும். இரண்டும் களிதான், ஆனால் மீட்டரில் வேறு வேறு எண். கரிசல் உப்பிச் சுருங்கும், கேயோலினைட் அவ்வளவாக உப்பாது. ஆகவே எண் வேறாக இருப்பதிலும் ஒரு பொறியியல் செய்தி இருக்கிறது. ஆனால் அதைப் படிக்க அந்தந்த ஊரிலேயே லேப் டெஸ்ட் செய்து பழக வேண்டும்.

ஆராய்ச்சியாளர்கள் என்ன சொல்கிறார்கள்?

ரூர்க்கி ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசத்தில் அலிகார், ஜான்சி பகுதிகளில் இரண்டு இடங்களில் செய்த ஆய்வு 2009-இல் வெளியானது. மின் அளவையும் செய்தார்கள், எஸ்.பி.டி. சோதனையும் செய்தார்கள். எஸ்.பி.டி. என்பது 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவைத்து, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை அடி என்று எண்ணுவது. அந்த எண்ணிக்கைக்கு 'என்' மதிப்பு என்று பெயர். ஒவ்வொரு அடுக்கின் மின்தடை எண்ணையும் அதன் கனத்தையும் பெருக்கிக் கூட்டினால் வருவது 'குறுக்கு மின்தடை'. இந்தக் குறுக்கு மின்தடைக்கும் 'என்' மதிப்புக்கும் நேர்கோட்டுத் தொடர்பு இருப்பதைக் கண்டார்கள். ஆனால் அந்தக் கோட்டின் சாய்வு இரண்டு ஊருக்கும் ஒன்றாக இல்லை. மண்ணின் தன்மைக்கு ஏற்ப மாறியது. அதாவது அலிகார் சூத்திரத்தை ஜான்சிக்கே கொண்டுபோக முடியாது, கொல்லிமலைக்கு எங்கே கொண்டுவருவது?

மலேசியாவில் சித்திக்கி, உஸ்மான் ஆகியோர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், மின்தடை எண்ணுக்கு ஈரப்பதத்தோடும், உராய்வுக் கோணத்தோடும், பிளாஸ்டிசிட்டி இண்டெக்ஸோடும் குறிப்பிடத்தக்க தொடர்பு கிடைத்தது. கொஹிஷனோடும் அலகு எடையோடும் தொடர்பு வலுவாக இல்லை. நம் ஆர்ச்சி கணக்கும் இதைத்தானே சொன்னது!

இறுக்கப்பட்ட களிமண்ணில் 1996-இல் அபு ஹசனைன், பென்சன், பிளாட்ஸ் ஆகிய மூவர் கண்டது இன்னும் சுவையானது. ஆப்டிமம் ஈரப்பதத்துக்குக் கீழே இருக்கும்போது, ஈரம் கூடக் கூட மின்தடை எண் சடசடவென்று இறங்குகிறது. ஆப்டிமத்தைத் தாண்டிய பிறகு ஏறக்குறைய மாறுவதில்லை. ஆகவே ஏரிக்கரை, களி லைனிங் போன்ற வேலைகளில் எந்த இடத்தில் ஈரம் குறைவாகப் போட்டு இடித்திருக்கிறார்கள் என்பதைப் பிடிக்க இது உதவும்.

எலெக்ட்ரிகல் நண்பர்களுக்கு ஒரு பக்கம்

நமக்குப் பழக்கமான ஐ.எஸ். 3043, எர்த்திங் பற்றிய இந்தியத் தரநிலை. அதிலும் இதே வென்னர் முறைதான். மண்ணில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே போனால் மின்தடை எண் திடீரென்று ஏறும், அதற்கு மேலே ஈரம் கூடினாலும் பெரிய மாற்றம் இல்லை என்று அது சொல்கிறது.

3 மீட்டர் நீளம், 40 மி.மீ. விட்டமுள்ள ஒரு எர்த் பைப்பை எடுத்துக்கொள்வோம். தரநிலையின் சூத்திரப்படி, மண்ணின் மின்தடை எண் 30 ஓம் மீட்டர் என்றால் எர்த் மின்தடை சுமார் 9 ஓம் வரும். 300 என்றால் 91 ஓம்! சமவெளியில் ஒரே பைப் போட்டுத் திருப்தியடைகிற எலெக்ட்ரீஷியன், மலையில் அதே பைப்பைப் போட்டுவிட்டு இறங்கிவந்தால் அது பெயருக்குத்தான் எர்த். மலையில் ஒன்றுக்கு மேற்பட்ட பைப்புகள், தள்ளித் தள்ளி, கோடையிலும் ஈரம் நிற்கிற இடமாகப் பார்த்துப் போட வேண்டும். அளவெடுப்பதும் கோடையில்தான் எடுக்க வேண்டும்.

இரும்புக் குழாய் துருப்பிடிப்பதற்கும் இந்த எண் வழிகாட்டி. 25-க்குக் கீழே கடுமையான அரிப்பு, 25 முதல் 50 வரை நடுத்தரம், 50 முதல் 100 வரை லேசானது, 100-க்கு மேல் மிகக் குறைவு. ஆகவே எண் அதிகமாக இருந்தால் பைப்புக்கு நல்லது, எர்த்துக்குக் கெட்டது.

சிவில்காரனுக்கு ஒரு வேடிக்கை பாருங்கள். எர்த்திங் பார்க்கிறவருக்குக் கோடை ரீடிங் முக்கியம், ஏனென்றால் அவருக்குக் காய்ந்த மண்தான் எதிரி. சரிவு பார்க்கிற நமக்கு மழைக்கால ரீடிங்தான் முக்கியம், ஏனென்றால் நமக்கு நனைந்த மண்தான் எதிரி. மீட்டர் ஒன்றுதான், சூத்திரம் ஒன்றுதான். அளக்கிற மாதம்தான் வேறு!

எங்கே ஏமாறுவோம்?

1. தளர்வாகக் கொட்டிய காய்ந்த மண்ணும் கெட்டிப் பாறையும் இரண்டுமே பெரிய எண் காட்டலாம்.

2. மக்கிய பாறைக்குள் மிதக்கும் உருண்டைக் கல்லை அடிப்பாறை என்று நினைத்து அஸ்திவாரத்தை அதில் வைத்துவிடலாம். வேறு திசையிலும் ஒரு தடவை கம்பி அடித்துப் பாருங்கள்.

3. மெல்லிய அடுக்குகள் ஆழத்தில் இருந்தால் மீட்டருக்குத் தெரியாது. ஆனால் சரிவு வழுக்க ஒரு சாண் களி போதும்!

4. இப்போது பல கம்பிகளைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, பூமியின் குறுக்குவெட்டைக் கலர் படமாகவே எடுத்துவிடுகிறார்கள். படம் அழகாக இருக்கும். ஆனால் சிவப்பு என்றால் பாறை, நீலம் என்றால் தண்ணீர் என்று மனப்பாடம் செய்யக் கூடாது. அந்தப் படத்துக்குள்ளும் ஒரு குழியாவது தோண்டிப் பார்த்த ஆதாரம் இருக்க வேண்டும்.

இது வெறும் பரீட்சைப் பாடமா?

2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த மழையில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 ஜூலை 30-ஆம் தேதி வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் ஒரே இரவில் அழிந்தன. அதே ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெங்கல் புயல் மழையில் திருவண்ணாமலை மலையடிவாரத்தில் வீட்டின் மேல் பாறையும் மண்ணும் விழுந்து ஏழு பேர் போனார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. நான்கு கம்பியும் ஒரு மீட்டரும் இருந்தால் இவை எல்லாவற்றையும் தடுத்திருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய மழைக்கு முன்னால் நாம் சின்னவர்கள். ஆனால் எங்கள் நாட்டில் ஒவ்வொரு வருடமும் வெட்டுகிற சின்னச் சின்ன மேடுகள் இருக்கின்றனவே, வீட்டுக்குப் பின்னால், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், அவற்றையாவது டிப்ளமோ படித்த நாம் பார்க்கலாம் அல்லவா? அங்கே பெரிய டிரில்லிங் மெஷின் வராது. தோளில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய மீட்டர் வரும்.

ஆகவே நான் புரிந்துகொண்ட வரிசை இது. முதலில் மின்தடை எண் அளந்து, எங்கே பள்ளம் விழுகிறது என்று பார். அங்கே குழி தோண்டி மண் எடு. லேபில் ஈரப்பதம், அட்டர்பர்க் எல்லைகள், ஷியர் டெஸ்ட் செய். மழைக்காலத்தில் அதே இடத்தில் மறுபடி அள. இரண்டு எண்ணுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் இருந்தால், அங்கே தண்ணீர் உள்ளே போகிறது என்று அர்த்தம். வடிகால் வெட்டு, சுவர் கட்டினால் நீர் கசியத் துளை விடு. குழி தோண்டாமல் இருக்க அல்ல, எங்கே தோண்டுவது என்று தெரிந்துகொள்ளத்தான் மின்சாரம்.

ஜூனியர் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாங்கள் ஒரு கோடை ரீடிங்கும், மழைக்குப் பிறகு ஒரு ரீடிங்கும் மட்டுமே எடுக்க முடிந்தது. இரண்டு புள்ளியை வைத்துக் கோடு போடலாம், முடிவு சொல்ல முடியாது. நீங்கள் யாராவது வளப்பூர் நாட்டில் ஒரே இடத்தில், மாதம் ஒரு முறை, பன்னிரண்டு மாதமும் அளந்து ஈரப்பதத்தோடு சேர்த்துப் பதிவு செய்தால் அது எங்கள் மலைக்கே உரிய அட்டவணையாக இருக்கும். தங்க எங்கள் வீடு இருக்கிறது. அம்மா சாமைச் சோறு போடுவார்.

வீட்டுக்குப் பின்னால் இப்போது கல் கட்டிய சுவர் இருக்கிறது. அதில் வரிசையாகத் துளைகள் விட்டிருக்கிறோம். போன கார்த்திகை மழையில் நான் ஊருக்குப் போனபோது ஒவ்வொரு துளையிலும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அப்பா அதைக் காட்டி, "இவ்வளவு தண்ணியா உள்ள இருந்துச்சு?" என்று கேட்டார்.

ஆமாம் நண்பர்களே, இவ்வளவு தண்ணீர் உள்ளே இருந்தது. அதைக் கேட்க நமக்கு ஒரு மீட்டர் இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.